ஓய்வுநாள் காவலர்களுக்குப் பொற்கிழி

ஓய்வுநாளைக் கட்டிக் காத்த பெரியவர்களுக்குச் சால்வை போர்த்தி, விருது கொடுத்து, பொற்கிழியும் வழங்குவதென்று தீர்மானித்திருக்கிறேன். வாழ்நாளில் ஒரு நல்ல காரியமும் செய்யாதவர்களுக்கெல்லாம் மேடை போட்டு மாலை சூட்டுகிற காலம் இது. வேதத்தை ஒரு கையிலும் பூட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் இரக்கம் ஊருக்குள் நுழைந்துவிடாமல் தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்தவர்களை மட்டும் நாம் மறந்துவிட்டோம். நன்றிகெட்ட உலகம்.

நடுவர் குழுவில் நான் ஒருவனே இருப்பதால் யாரும் சிபாரிசுக் கடிதம் கொண்டுவர வேண்டாம். விதிகள் மூன்றுதான். விண்ணப்பதாரருக்குச் சட்டம் அட்சரம் பிசகாமல் மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தால் அவருக்குக் காலணாகூட நஷ்டம் ஏற்பட்டிருக்கக் கூடாது. நஷ்டப்பட்டவர் ஏழையாகவோ நோயாளியாகவோ அடிமையாகவோ பெண்ணாகவோ இருந்தாக வேண்டும். இந்த நான்கில் இரண்டு மூன்று ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் கூடுதல் மதிப்பெண் உண்டு.

முதல் விருதுக்குப் போட்டியே இல்லை. லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரும் ஜெப ஆலயத் தலைவருக்கே அது.

அவருடைய ஆலயத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். பதினெட்டு வருஷமாகக் கூன் விழுந்து, நிமிரவே முடியாதவள். அன்று ஓய்வுநாள். உபதேசம் செய்துகொண்டிருந்த இயேசு அவளைப் பார்க்கிறார், கூப்பிடுகிறார், அவள்மேல் கைகளை வைக்கிறார். அவள் நிமிர்ந்துவிடுகிறாள். இத்தனை காலம் தரையையே பார்த்திருந்தவள் அன்றைக்குத்தான் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்த முகங்களில் தலைவருடையதும் ஒன்று. அதில் மகிழ்ச்சி இல்லை, ஆத்திரம் இருந்தது.

ஆத்திரப்பட்டவர் குணமாக்கியவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். வேலை செய்ய ஆறு நாள் இருக்கும்போது, குணமாக வேண்டியவர்கள் அந்த நாட்களில் வரக்கூடாதா என்றார். எப்பேர்ப்பட்ட நிர்வாகி! கேள்வி கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கத் துணிச்சல் இல்லாவிட்டால் வரிசையில் நிற்பவர்களை விரட்ட வேண்டும் என்ற பாடத்தை உலகத்து அலுவலகங்கள் அத்தனைக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அந்த ஆறு நாள் கணக்கையும் பார்த்துவிடுவோம். பதினெட்டு வருஷத்தில் ஓய்வுநாட்களைக் கழித்துவிட்டால் ஐயாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட வேலைநாட்கள் மிஞ்சுகின்றன. தலைவர் தாராளமாகத் திறந்துவிட்ட நாட்கள் அவை. அவற்றில் எந்த ஒரு நாளிலாவது அவளுக்காக அவர் ஏதாவது செய்தார் என்று லூக்கா எழுதவில்லை. ஓய்வுநாளில் இரக்கம் காட்டக் கூடாது என்று சொல்பவர், மற்ற ஆறு நாளும் இரக்கமே காட்டிக்கொண்டிருப்பவர் என்றல்லவா நாம் நினைப்போம்? போர்க்களத்தில் ஆயுதம் இழந்து நின்ற ராவணனை இன்று போய் நாளை வரச் சொன்னான் ராமன். எதிரிக்கு ஒரு நாளைக் கொடுத்தது அந்த வாய். நம் தலைவரும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார், நோயாளியின் கையிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டு.

அவர் பக்கமும் வாதம் உண்டு, மறுக்கவில்லை. அவள் உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷம் பொறுத்தவள் சூரியன் மறையும்வரை பொறுத்தால் குடி முழுகிவிடுமா? கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நெடுங்காலம் ஒருவரை வதைத்துவிட்டு, அந்த நெடுங்காலத்தையே காட்டி இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்வதற்கு ஒரு தனி நெஞ்சு வேண்டும். இயேசு அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டார். உங்களில் யார் ஓய்வுநாளில் தொழுவத்திலிருந்து மாட்டையோ கழுதையையோ அவிழ்த்துக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டாமல் இருக்கிறீர்கள் என்றார். நமது இரண்டாவது விதிப்படி தலைவர் தேறுவது இந்த இடத்தில்தான். மாட்டின் தாகம் அவசரம், அவளுடைய முதுகு அவசரமில்லை. மாடு செத்தால் தலைவருக்கு நஷ்டம். அவள் கூனியாகவே செத்துப்போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இரண்டாவது விருது, விடுமுறை நாளில் கூடுதல் நேரம் உழைத்தவர்களுக்கு. மாற்கு சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரம். சூம்பிய கையுள்ள ஒருவன் ஜெப ஆலயத்தில் இருக்கிறான். ஓய்வுநாளில் அவனை இயேசு குணமாக்குவாரா, குணமாக்கினால் குற்றம் சாட்டலாமே என்று சிலர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அவனை நடுவில் நிற்கச் சொல்லிவிட்டு அவர்களிடம் கேட்கிறார்: ஓய்வுநாளில் நன்மை செய்வது முறையா, தீமை செய்வது முறையா? உயிரைக் காப்பதா, அழிப்பதா? ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது இயேசு அவர்களைச் சுற்றிப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது என்று மாற்கு எழுதுகிறார். இதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் அந்தக் கோபத்தை விட்டுவிட்டார்கள். மாற்கு விடவில்லை, புண்ணியவான்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கையை நீட்டு என்றார், அவன் நீட்டினான், கை சரியாயிற்று. மருந்து அரைக்கவில்லை, கட்டுப் போடவில்லை. வாயால் ஒரு சொல் சொன்னது ஓய்வுநாளை மீறிய வேலையாம். அதைக் கண்டு மனம் நொந்த பரிசேயர்கள் அங்கிருந்து வெளியேறி, உடனே ஏரோதியர்களோடு சேர்ந்து அவரைத் தீர்த்துக்கட்டுவது எப்படி என்று ஆலோசனை நடத்தினார்கள். அன்றைக்கே, அதே ஓய்வுநாளில். மார்க்கத்துக்காக வாழ்பவர்கள் ஒரு தரப்பு, ஏரோது குடும்பத்து அரசியலில் பிழைப்பவர்கள் மறு தரப்பு. மற்ற நாளில் ஒட்டாதவர்களை ஓய்வுநாள் ஒட்டவைத்தது. ஓய்வுநாளில் கூடாத வேலைகளைப் பிற்காலத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா முப்பத்தொன்பதாக வகுத்து வைத்திருக்கிறது. உழுவது, விதைப்பது, அறுப்பது, முடிச்சுப் போடுவது, முடிச்சை அவிழ்ப்பது, இரண்டு எழுத்து எழுதுவது, தீ மூட்டுவது, தீயை அணைப்பது என்று போகிறது அந்தப் பட்டியல். கொலைக்குச் சதி செய்வது அதில் இல்லை. ஆகவே சட்டப்படி அவர்கள் அன்று ஓய்வெடுத்தார்கள்.

மூன்றாவது விருது நேரம் தவறாமைக்கு. கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில், இஸ்ரவேலின் வட ராஜ்யத்தில் வியாபாரம் செய்த தானிய முதலாளிகளுக்கு அது போகிறது. இவர்களுடைய ஒழுக்கத்தில் ஒரு குறையும் காண முடியாது. ஓய்வுநாளில் கடையைத் திறந்ததே இல்லை. எப்போது இந்த நாள் முடியும், எப்போது கோதுமை மூட்டையைப் பிரிக்கலாம் என்று மேற்குத் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முடிந்தவுடன் படியைச் சின்னதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கள்ளத் தராசை மாட்டி, கோதுமையோடு பதரையும் சேர்த்து விற்பார்கள். கடன் கட்ட முடியாத ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு வாங்குவார்கள். தெக்கோவா ஊர் ஆட்டுக்காரன் ஆமோஸ் இதையெல்லாம் பெயர் வைத்துச் சொன்னான். பெத்தேலில் இருந்த அரசவைப் பூசாரி அமத்சியா, இங்கே தீர்க்கதரிசனம் சொல்லாதே, உன் ஊருக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள் என்று அவனைத் துரத்தினான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்தத் தானிய முதலாளிகள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். படிக்கிற நாளில் இடிக்க மாட்டார்கள், இடிக்கிற நாளில் படிக்க மாட்டார்கள்.

நான்காவது விருதைத் துல்லியமான சிந்தனைக்காகச் சவக்கடல் ஓரத்துத் துறவிகளின் சட்ட நூலுக்கு அளிக்கிறேன். கெய்ரோவின் பழைய ஜெப ஆலயச் சுவடி அறையிலும், பின்னர் கும்ரான் குகைகளிலும் கிடைத்த நூல் அது. ஓய்வுநாளில் மாடு குழியில் விழுந்தால் தூக்காதே என்கிறது. போகட்டும், மாட்டுக்கும் சட்டம் பொருந்துகிறது என்று பாராட்டலாம். அடுத்ததாக மனிதன் வருகிறான். உயிருள்ள மனிதன் ஒருவன் தண்ணீரில் விழுந்துவிட்டால் ஏணி, கயிறு, கருவி எதையும் கொண்டு தூக்கக் கூடாதாம். அங்கே கிடைத்த இன்னொரு சுவடித் துண்டு கொஞ்சம் இளகிய மனசோடு எழுதப்பட்டிருக்கிறது. கருவியை எடுக்காமல், மேலே போட்டிருக்கும் துணியை நீட்டி அவனை இழுக்கலாம் என்கிறது. மூழ்குகிறவன் தலை மேலே வந்து போகிற அந்தச் சில நொடிகளில், கரையில் நிற்பவர் கயிற்றுக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இதற்கு விருது கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

ஐந்தாவதாக ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. அதைப் பிரித்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் நான்கைந்து வசனங்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் இருந்தபோது ஒருவன் ஓய்வுநாளில் விறகு பொறுக்கினான். கண்டவர்கள் அவனை மோசேயிடமும் ஆரோனிடமும் சபையாரிடமும் இழுத்துவந்தார்கள். என்ன செய்வதென்று தெளிவில்லாததால் காவலில் வைத்தார்கள். பிறகு கர்த்தரின் தீர்ப்பு வந்தது. பாளயத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். சபையார் எல்லாருமாகக் கல்லெறிந்தார்கள். அவன் செத்தான். அவ்வளவுதான் கதை.

அவன் பெயர் என்ன? எழுதவில்லை. விறகு எதற்கு? கேட்கவில்லை. வனாந்தரத்துக் குளிரில் கூடாரத்துக்குள் காய்ச்சலோடு யாராவது கிடந்தார்களா? அதுவும் தெரியாது. முந்தைய நாளே பொறுக்கி வைக்க அவனுக்கு நேரம் இருந்ததா, அல்லது ஆறு நாளும் வேறு ஒருவனின் வேலையில் கழிந்ததா? விசாரணை என்று எதுவும் பதிவாகவில்லை, தண்டனை மட்டும் பதிவாகியிருக்கிறது. எறிந்தவர்கள் யார் என்பதுதான் நெஞ்சை அடைக்கிறது. எகிப்தில் செங்கல் அறுக்க வைக்கோலும் தராமல், நாடெங்கும் அலைந்து தாளடி பொறுக்க வைத்து, கணக்குக் குறைந்தால் அடித்தான் பார்வோன். பொறுக்கி முதுகு ஒடிந்த அதே ஜனம், பொறுக்கியதற்காக ஒருவனைக் கொன்றது.

இங்கே மாட்டை அவிழ்த்த கபடக்காரன் யாரும் இல்லை, பழியை அவன் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிட. கடவுளே சொன்னார் என்று வேதமே சொல்கிறது. இந்தப் பகுதியை மெல்லத் தாண்டிப்போகிற பிரசங்கியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. தாண்டாமல் நின்று, கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த பாடம் என்று கண் சிமிட்டாமல் விளக்குகிறவரைப் பார்த்தால் எரிச்சல் போய்ப் பயம் வருகிறது. யாத்திராகமம் 16இல், கடவுள் உணவாகக் கொடுத்த மன்னாவைப் பொறுக்கக் கூடாத ஏழாம் நாளிலும் சிலர் பொறுக்கப் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கண்டிப்பு மட்டுமே. மன்னா பொறுக்கப் போனவனுக்குத் திட்டு, விறகு பொறுக்கியவனுக்குக் கல். இரண்டும் ஒரே வேதத்தில், ஒரே வனாந்தரத்தில் இருக்கின்றன. எதைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதில் நம் லட்சணம் தெரிந்துவிடும். இந்த விண்ணப்பத்துக்கு விருது இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி வேடிக்கை பேச எனக்குத் தெம்பும் இல்லை.

தகுதி இழந்தவர்களின் பட்டியலுக்கு வருகிறேன். பரிசேயர்கள், ரபிகள் என்றாலே இரக்கமற்ற சட்டப்பூச்சிகள் என்று நினைத்து, விருதை மூட்டையாகக் கட்டி யூத ஞானிகளின் வாசலில் இறக்கிவிடலாம் என்று போனேன். ஏமாற்றமாகிவிட்டது.

பெயரில்லாமல் செத்த அந்த விறகுக்காரன் செலொப்பியாத்துதான் என்று ரபி அகிபா ஒருமுறை கண்டுபிடித்துச் சொன்னார். தந்தையின் சொத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன் நின்ற ஐந்து பெண்களின் அப்பா அந்த செலொப்பியாத்து. உடன் இருந்த யூதா பென் பெத்தேரா விடவில்லை. நீர் சொல்வது சரியோ தப்போ, இதற்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்றார். சரியென்றால் வேதம் மூடி மறைத்தவனை நீர் அம்பலப்படுத்திவிட்டீர். தப்பென்றால் ஒரு நல்லவன் மேல் அவதூறு சொல்லிவிட்டீர். கல்லடிபட்டுச் செத்தவனின் மானத்துக்காக, தம்மைவிடப் புகழ்பெற்ற ரபியிடம் மல்லுக்கு நின்ற ஆள் எப்படி நம் விருதுக்குத் தகுதியாவார்? நீக்கிவிட்டேன்.

அடுத்து மிஷ்னா. முப்பத்தொன்பது வேலைகளையும் அடுக்கிய அதே நூல், உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தாலே போதும், ஓய்வுநாள் ஒதுங்கிக்கொள்ளும் என்கிறது. சுவர் இடிந்து விழுந்து, உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாவிட்டாலும் தோண்டு என்கிறது. மிஷ்னாவை விரித்துரைக்கும் எருசலேம் தல்மூத் இன்னும் மோசம். அப்படிப்பட்ட நேரத்தில் பாய்ந்து செய்பவன் மெச்சத் தகுந்தவனாம். செய்யலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்பவன் ரத்தம் சிந்துகிறவனாம். அனுமதி கேட்பதே குற்றம் என்றால் அனுமதி வழங்கும் நம் தலைவர்களின் பிழைப்பு என்ன ஆவது? நீக்கம்.

ரபி எலெயாசார் பென் அசரியாவையும் சேர்க்க முடியவில்லை. ஒரே ஓர் உறுப்பைத் தொடும் விருத்தசேதனத்துக்காக ஓய்வுநாளை மீறலாமென்றால், முழு உடலையும் காப்பாற்ற மீறக் கூடாதா என்று அவர் வாதிட்டார். யோவான் சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் இயேசு வைக்கும் வாதமும் இதுவேதான். இயேசுவும் ரபியும் ஒரே கட்சியில் நின்றால், பரிசேயனைத் திட்டியே காலட்சேபம் நடத்தும் நம் மேடைப் பிரசங்கிகள் எங்கே போவார்கள்?

ஆசிரியர்கள் ஷெமாயாவும் அவ்தாலியோனும் படுதோல்வி. கல்விக்கூடத்துக்குள் போக வாசற்காவலனுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்த காலம். கூலி கிடைக்காத ஒரு நாள், ஏழை மாணவர் ஹில்லேல் கூரைமேல் ஏறி வெளிச்சத் துவாரத்தில் காதை வைத்துப் பாடம் கேட்டார். பனி கொட்டி அவரை மூடிவிட்டது. விடிந்தால் ஓய்வுநாள். அறை இருட்டாக இருப்பதைப் பார்த்து அண்ணாந்தவர்களுக்கு ஒரு மனித உருவம் தெரிந்தது. ஆசிரியர்கள் இருவரும் அவரை இறக்கி, குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, நெருப்பின் முன் உட்காரவைத்தார்கள். இவனுக்காக ஓய்வுநாளை மீறுவது தகும் என்றார்கள். மரபு இப்படிச் சொல்கிறது. வாசற்காசை வைத்ததற்காக ஒருவேளை அந்தக் கூடத்துக்கு விருது கொடுத்திருப்பேன். நெருப்பு மூட்டிக் கெடுத்துக்கொண்டார்கள்.

மக்கபேயர் காலத்து மத்தாத்தியாவும் வெளியே. அந்தியோக்கு அரசனின் படை ஓய்வுநாளாகப் பார்த்துத் தாக்கியபோது, வனாந்தரத்தில் ஒளிந்திருந்த பக்தர்கள் ஒரு கல்லைக்கூடத் திருப்பி எறியவில்லை. ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஆயிரம் பேர் செத்தார்கள். மத்தாத்தியா அழுதார். அழுதுவிட்டு, இனி ஓய்வுநாளில் தாக்கினாலும் எதிர்த்துப் போராடுவோம் என்று முடிவெடுத்தார். செத்தவர்களின் பக்தியைக் கொண்டாடி, அடுத்த ஆயிரம் பேரையும் சாகச் சொல்லியிருந்தால் பொற்கிழி அவருக்குத்தான். நெகேமியாவை நான் மிகவும் நம்பியிருந்தேன். ஓய்வுநாளில் எருசலேமின் கதவைச் சாத்தியவர், மீன் விற்க வந்த தீரு வியாபாரிகளை மிரட்டி விரட்டியவர். ஆனால் அவர் புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தைப் படித்துத் தொலைத்தேன். அடகு பிடித்த வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் ஏழைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள், வட்டியை விடுங்கள் என்று பெரிய மனிதர்களைப் பணியவைத்திருக்கிறார். கதவைச் சாத்தும் முன் கடனைத் தீர்த்தவர் நமக்கு எதற்கு?

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிதீஸ் கடைசி ஆணியையும் அடித்துவிட்டார். ஆபத்தில் இருப்பவனுக்காக ஓய்வுநாளை மீற வேண்டியிருந்தால் சிறுவர்களையும் பிற மதத்தாரையும் ஏவாதீர்கள், சமூகத்தின் பெரியவர்களும் அறிஞர்களுமே முன்னின்று செய்யட்டும் என்றார். வேதத்தின் சட்டங்கள் உலகத்தின் மேல் பழிவாங்க வந்தவை அல்ல, இரக்கத்தையும் அன்பையும் சமாதானத்தையும் கொண்டுவர வந்தவை என்றும் எழுதினார். நடுவர் குழு எழுந்து நின்று அவரைத் தகுதிநீக்கம் செய்தது.

இந்த இடத்தில் கைதட்ட வருகிற கிறிஸ்தவ அன்பர்கள் தயவுசெய்து உட்காரவும். மீதி விருதுகள் உங்கள் வீட்டுக்கு வருகின்றன. பரிசேயன் கதையை வாரா வாரம் கேட்டுச் சிரித்த சபைகள், ஓய்வுநாளைச் சனியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றின. ஜெப ஆலயத் தலைவரின் நாற்காலியைப் பத்திரமாக எடுத்துவந்து அதே இடத்தில் போட்டுக்கொண்டன.

வட அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் 1609–10 குளிர்காலம் பட்டினிக் காலம் என்றே சரித்திரத்தில் பெயர் பெற்றது. குடியேறியவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு அதிகாரிகள் சட்டம் எழுதினார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வராதவனுக்கு முதல் தடவை ஒரு வாரத்து உணவுப்படி ரத்து. இரண்டாம் தடவை அதோடு சவுக்கடி. மூன்றாம் தடவை மரணம். பட்டினி கிடந்து மெலிந்தவனைக் கோவிலுக்கு வரவைக்க அவன் சோற்றைப் பிடுங்கலாம் என்று எந்தப் பரிசேயனுக்குத் தோன்றியது?

1830களில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சர் ஆண்ட்ரூ அக்னியூ ஞாயிறு மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். எல்லா வேலையும் நிற்க வேண்டும் என்றது மசோதா. வீட்டில் அடுப்பு வசதி இல்லாத ஏழைகள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்கிப்போவார்கள். அது நிற்க வேண்டும். பணக்காரன் வீட்டு வேலைக்காரர்களின் வேலை? அதற்கு விலக்கு. சமையல்காரி வழக்கம்போல அடுப்படியில் வேகலாம், வண்டிக்காரன் எஜமானைக் கோவிலுக்கு ஓட்டிப்போகலாம். இளைஞர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836இல் புனைபெயரில் ஒரு சிறு நூல் எழுதி இந்த மசோதாவைக் கிழித்தெறிந்தார். லூக்காவின் மாடு பதினெட்டு நூற்றாண்டு கழித்து லண்டன் தொழுவத்தில் கட்டியிருந்தது. அதை அவிழ்க்க மட்டும் அன்றும் அனுமதி இருந்தது.

அதே 1830களில் மேரிலாந்தின் செயின்ட் மைக்கேல்ஸ் ஊரில், அடிமைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளி நடந்தது. படித்த பாடம் புதிய ஏற்பாடு. சபையின் வகுப்புத் தலைவர்கள் தடிகளோடு புகுந்து அதைக் கலைத்தார்கள். அங்கே இருந்த அடிமை இளைஞர் பிரெடரிக் டக்ளஸ் பின்னாளில் தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்: அடிமைகள் ஞாயிறன்று குடிக்கலாம், மல்யுத்தம் போடலாம், எஜமான்களுக்கு ஆட்சேபணை இல்லை. வேதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதுதான் பொறுக்கவில்லை. படித்தால் அடிமைக்கும் ஓய்வு உண்டு என்று எழுதியிருப்பது தெரிந்துவிடுமே!

1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு. ஸ்காட்லாந்தில் புயலில் டே பாலம் சரிந்து, ஓடிக்கொண்டிருந்த ரயில் ஆற்றில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறியதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சில போதகர்கள் விளக்கம் சொன்னார்கள். விசாரணை வேறு சொன்னது. பாலத்தின் வடிவமைப்பு மோசம், கட்டுமானம் மோசம், பராமரிப்பு மோசம். மட்டமான பாலம் கட்டியவனின் குற்றத்தை டிக்கெட் வாங்கியவன் பிணத்தின்மேல் ஏற்றி, கீழே கடவுளின் கையெழுத்தையும் போட்டுவிட்டார்கள். ஒப்பந்தக்காரர்களுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைப்பாரா?

விருதுகள் முடிந்தன. கேலியும் போதும். இப்போது சட்டத்தையே படிப்போம்.

யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு. ஆறு நாளில் உலகத்தைப் படைத்தவர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் அதே கட்டளை மறுபடி வருகிறது, காரணம் மட்டும் மாறியிருக்கிறது. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை மறக்காதே என்கிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. எஜமானின் கையைக் கட்டத்தான் இந்தக் கட்டளை வந்தது. ஆறு நாள் ஓட ஓட விரட்டியவனிடம், இன்றைக்கு நீ யாரையும் விரட்டக் கூடாது என்று சொல்ல வந்தது. அதை எஜமான் வாங்கிப் படித்துப் பார்த்து, மடித்துச் சவுக்காக்கிக்கொண்டான். இந்தத் திருட்டைச் செய்தவன் எல்லா மதத்திலும் பக்திமான் என்ற பெயரோடு திரிகிறான்.

ஆகவே ஓய்வுநாளைத் தளர்த்துங்கள் என்று கேட்கிற கூட்டத்தில் நான் இல்லை. இருக்கிற கண்டிப்பு எனக்குப் போதவில்லை, இன்னும் இறுக்க வேண்டும். அன்றைக்குக் கடன்காரனின் கதவைத் தட்டக் கூடாது. கள்ளத் தராசு அன்றைக்கு மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது, முந்தைய நாளே உடைந்திருக்க வேண்டும். எஜமான் கோவிலில் இருக்கும்போது அவன் சமையல்காரி அடுப்படியில் இருந்தால் அவன் பாடும் பாட்டு செல்லாது. யாரைத் தள்ளிவைக்கலாம், யாரை வெளியேற்றலாம் என்று ஆராதனை முடிந்ததும் வாசலில் கூடிப் பேசும் கமிட்டிகளுக்கு அந்த முப்பத்தொன்பதோடு நாற்பதாவது தடையை எழுதிச் சேர்க்க வேண்டும். அவதிப்படுகிறவன் வந்து நின்றால், நாளை வா என்று சொல்லும் வாய்க்கு அன்று முழு ஓய்வு.

மன்னா விழுந்த வனாந்தரத்தில் கடவுள் ஆறாம் நாளே இரண்டு பங்கு கொடுத்தார். கொடுத்த பிறகுதான் ஏழாம் நாள் வெளியே போகாதே என்றார். ஓய்வுநாள் காவலர்களே, அந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் நீங்கள். இருக்கிற ஒரு பங்கையும் பிடுங்கிக்கொண்டு, வெறும் வயிற்றைப் பார்த்து அதே கட்டளையை ஓதுகிறீர்கள். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளுக்கு நேர் முன்னால் நிற்பது, கடவுளின் பெயரை வீணில் எடுக்காதே என்ற கட்டளை. கொடுக்காமல் தடுக்கிறவன் ஓய்வுநாளைக் காப்பாற்றுகிறேன் என்று வாயைத் திறக்கும்போதே அதை மீறிவிடுகிறான்.